பலமாக உதைத்த கால்

செவ்வாய்

பிசியோதெரபி உதவியாளர் பயிற்சியில் இன்று நரம்பு மண்டலம் தொடங்கியது. வகுப்பெடுக்கும் மேடம் பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை நடக்க வைத்துவிட்டு மாலையில் எங்களிடம் வருகிறார். பொறுமையையெல்லாம் அங்கேயே செலவழித்துவிடுகிறார் என்பது முதல் வாரமே தெரிந்துபோயிற்று.

"நரம்புன்னா என்ன?" என்று நேராக என்னைக் கேட்டார்.

நான் கையைத் திருப்பி, மணிக்கட்டில் நீலமாக ஓடுவதைக் காட்டினேன்.

"அது ரத்தக்குழாய். பகல்ல என்ன வேலை பார்க்கிறே?"

"சலூன்ல, மேடம். சித்தப்பா கடை."

"கத்தி பிடிக்கிற ஆளு! எதை வெட்டினா ரத்தம் வரும்னாவது தெரிஞ்சு வச்சுக்க."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். பிறகு குறித்துக்கொண்டேன். மூளை, அதிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடம், சுண்டுவிரல் தடிமன், அதிலிருந்து கிளைத்து உடம்பெங்கும் போகும் நரம்புகள். சில நரம்புகள் சேதியை உள்ளே கொண்டுவருகின்றன: சூடு, வலி, கால் எங்கே இருக்கிறது என்பது. சில உத்தரவை வெளியே கொண்டுபோகின்றன: மடக்கு, நீட்டு, விடு. முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினால், தொடைத் தசை இழுபட்ட சேதி தண்டுவடத்துக்குப் போகிறது. தண்டுவடம் மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. 'உதை' என்று தானே பதில் அனுப்பிவிடுகிறது.

"தட்டினோம், கால் அசையலை. என்ன அர்த்தம்?"

"வழியில எங்கேயோ அறுந்திருக்கு, மேடம்," என்றாள் முன்வரிசைப் பெண்.

"சரி. இது பாதிப் பாடம்தான், மீதி வியாழக்கிழமை. அதுவரைக்கும் வீட்டுல இருக்கிறவங்களைத் தட்டிப் பழகுங்க. பழகுறதோட நிறுத்துங்க. யாருக்கும் வைத்தியம் சொல்லக் கிளம்பாதீங்க."

ரப்பர் தலை வைத்த சின்னச் சுத்தியல் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பக்கத்தின் அடியில் எழுதினேன்: உதைத்தால் நல்லது, உதைக்காவிட்டால் கெட்டது. கோடும் போட்டேன்.

புதன்

சித்தப்பாவின் கடையில் இரண்டு நாற்காலிகள். கதவோரம் இருப்பது எனக்கு, உள்ளே இருப்பது அவருக்கு. முடி வெட்டிக்கொள்ள யாரும் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. கழுத்துக்காகத்தான் வருகிறார்கள். வெட்டி முடித்து, பவுடர் போட்டுத் துடைத்ததும், சித்தப்பா ஒரு கையைத் தாடைக்கு அடியிலும் இன்னொரு கையைப் பின்மண்டையிலும் வைப்பார். எதையாவது பேசிச் சிரிக்க வைப்பார். சிரிப்பு முடிவதற்குள் ஒரு வெட்டுத் திருப்பு. டக். பிறகு மறுபக்கம். டக். ஏறிப்போன நரம்பு இறங்குகிற சத்தம் அது என்பது அவருடைய கணக்கு. எதிர்ச்சாரியில் இருக்கும் சலூன்காரரும் இதைச் செய்கிறார். ஆனால் அங்கே சத்தம் வராது என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லுவார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யாருடைய வாடிக்கையாளரை யார் கைதட்டிக் கூப்பிட்டது என்பதில் வந்த சண்டை.

இன்று மதியம் கண்ணாடிக்காரர் வந்தார். அடுத்த தெருவில் ஜன்னல் கண்ணாடி வெட்டி, எடுத்துப்போய்ப் பொருத்திக் கொடுக்கிறவர். உட்காரும்போதே சட்டையின் மேல் பட்டனோடு மல்லுக்கட்டினார். கடைசியில் சித்தப்பாதான் கழற்றிவிட்டார்.

"யோவ் மாஸ்டர், போன வாரம் என்னத்தைய்யா எடுத்தே? விரலெல்லாம் தடிச்சுப்போய்க் கிடக்கு. கையுறையைப் போட்டுக்கிட்டே திரியற மாதிரி இருக்கு."

"நாள் பூரா அண்ணாந்து பார்த்தே வேலை செய்யறே. நரம்பு ஏறத்தான் செய்யும்."

"அண்ணாந்தா முதுகுல சுரீர்னு கரண்ட் ஓடுதுய்யா. கால் வரைக்கும் இறங்குது. நேத்து ஒரு பெரிய கண்ணாடி கையை விட்டே போச்சு. என் வீட்டுக்காரி திட்டினதை நீ கேட்டிருந்தா ஷட்டரை இறக்கிட்டு ஓடியிருப்பே."

சித்தப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "எனக்கென்னய்யா தெரியும்? டாக்டரையே கேளு. துரை சாயங்காலமானா படிக்கப் போறாரு. முடிச்சதும் நம்மளையெல்லாம் வரிசையில நிக்க வச்சு டோக்கன் குடுப்பாரு. டேய், அந்தச் சுத்தியலை எடுத்துட்டு வா. இவன் காலைத் தட்டிக் காட்டு. ஆணி இறங்குதான்னு பார்ப்போம்."

சுத்தியல் சட்டைப்பையில் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. நான் கண்ணாடிக்காரரின் கால்களைத் தொங்கவிடச் சொல்லி, முழங்கால் சில்லுக்குக் கீழே மெதுவாகத் தட்டினேன்.

கால் விருட்டென்று பறந்தது. முன்னால் இருந்த ஸ்டூலை உதைத்துத் தள்ளி, அதன் மேலிருந்த தண்ணீர் மக்கைச் சுவரில் அடித்தது. கீழே இறங்கிய பிறகும் தானாக இன்னும் இரண்டு தடவை ஆடியது. மறுகாலும் அதே மாதிரி. கடை கொள்ளாத சிரிப்பு. கண்ணாடிக்காரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நரம்பு ஃபர்ஸ்ட் கிளாஸ், அண்ணே," என்றேன். "குதிரை மாதிரி உதைக்குது."

"கேட்டியாய்யா? நம்ம டாக்டரே சொல்லிட்டான்!" என்று சித்தப்பா என் முதுகில் தட்டினார். வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவர் என்னோடு ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. எனக்குப் பிடித்திருந்தது. அதை எழுதாமல் விட முடியவில்லை.

பிறகு கழுத்தைத் திருப்பினார். டக் என்றதும், துணிக்கு அடியில் கண்ணாடிக்காரரின் இரண்டு கைகளும் துள்ளி விழுந்தன. முகம் வெளுத்தது. வழக்கமாக உடனே வரும் 'அப்பாடா' சற்றுத் தாமதமாக வந்தது.

"கையெல்லாம் ஜிவ்வுங்குது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு போல. சனிக்கிழமை வரேன், மறுபடி ஒரு எடு எடுத்துவிடு."

நாற்காலியை விட்டு இறங்கும்போது தரையைக் காலால் துழாவினார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழன்

மேடம் கரும்பலகையில் மூளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு தடித்த கோடு இழுத்தார்.

"போன வகுப்புல தண்டுவடம் தானாவே பதில் சொல்லும்னு படிச்சீங்க. அது ஒரு அவசரக்குடுக்கை. தட்டினா உதைக்கணும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். மேல இருந்து மூளை 'போதும், போதும்'னு அதை அடக்கிக்கிட்டே இருக்கு. அந்த அடக்குற பாதை கழுத்து வழியாத்தான் கீழே இறங்குது. இப்போ கழுத்துல எலும்பு வளர்ந்தோ, எலும்புக்கு நடுவுல இருக்கிற தட்டு பிதுங்கியோ தண்டுவடத்தை அழுத்துதுன்னு வச்சுக்குங்க. மேல இருந்து வர்ற சொல் கீழே போய்ச் சேராது. காலைத் தட்டினா என்ன ஆகும்?"

"உதைக்காது," என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

"இன்னும் பலமா உதைக்கும். அடக்க ஆளில்லாத பிள்ளை எப்படி ஆடும்? அப்படி."

புதன்கிழமை உருண்ட ஸ்டூல் நினைவுக்கு வந்தது. மேடம் மேலே போய்க்கொண்டிருந்தார். கையை மூடித் திறக்கும் சோதனையைச் செய்துகாட்டினார். பத்து விநாடியில் நல்ல கை இருபது தடவை மூடித் திறக்கும். கழுத்தில் அழுத்தம் இருந்தால் விரல்கள் ஒட்டிக்கொண்ட மாதிரி மெதுவாகும், சுண்டுவிரல் பக்கம் திறக்கப் பிந்தும். கையில் ஒரு நரம்பு அறுந்தால் மெல்ல மெல்லத் திரும்ப வளரும், தண்டுவடம் அப்படி வளராது. குறித்துக்கொண்டேன். கோணல்மாணலான எழுத்து.

வகுப்பு முடிந்ததும் போய் நின்றேன். சொன்னேன்.

"யார் காலைத் தட்டினே?"

"கடைக்கு வந்தவர், மேடம்."

"வீட்டுல இருக்கிறவங்கன்னுதானே சொன்னேன்? உதைச்சதுக்கு என்ன சொன்னே?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்னு…"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "பயந்த ஆளுக்கும் கால் பலமா உதைக்கும். நல்லா இருக்கிறவனுக்கும் உதைக்கும். வெறும் முழங்காலை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வேற என்ன இருக்கு அவருக்கு?"

பட்டன், கண்ணாடி நழுவியது, அண்ணாந்தால் ஓடும் கரண்ட், தரையைத் துழாவிய கால் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்தைத் திருப்பியதையும் சொன்னேன்.

"இத்தனையும் ஒரே ஆளுக்கா? அப்போ அந்தக் கழுத்தை இனிமே யாரும் தொடக்கூடாது. டாக்டர் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும். உடனே."

"மறுபடி திருப்பினா என்ன ஆகும், மேடம்?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். கையும் காலும் அப்படியே நின்னும் போகலாம். பந்தயம் கட்டிப் பார்க்கணுமா?" வாசல்வரை போனவர் திரும்பினார். "நீ ஒண்ணும் கண்டுபிடிச்சுடலை. சந்தேகம்தான் உனக்கு வந்திருக்கு. அதைப் போய்ச் சொல்லு. உன் வாய்தானே அவரை நல்லா இருக்கார்னு அனுப்பினது?"

வெள்ளி

நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஒருமுறை தப்பாகப் புரிந்துகொண்டவன்தானே? இப்படியே யோசித்து, கடை திறக்கும் நேரம் வரை ஒத்திப்போட்டேன். பிறகு சித்தப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"புதன்கிழமை ஃபர்ஸ்ட் கிளாஸ், வெள்ளிக்கிழமை ஃபெயிலா?" என்றார். "நடுவுல என்னடா ஆச்சு அவனுக்கு, வியாழக்கிழமையா?"

"நான் பாதிதான் படிச்சிருந்தேன், சித்தப்பா."

"இப்போ முக்கால் படிச்சிருக்கே. அடுத்த வாரம் முழுசாப் படிச்சுட்டு வந்து, முடி வெட்டினா மூளை வெளியே வந்துடும்னு சொல்லுவே. எத்தனை கழுத்துடா இந்தக் கையில! ஒருத்தனாவது விழுந்தானா?"

"அவர் ஒருத்தருக்கு மட்டும் வேண்டாம்னுதான்…"

"இந்தா பாரு." குரலைத் தாழ்த்தினார். அவர் கத்தும்போதுகூட எனக்கு இவ்வளவு பயம் வருவதில்லை. "மேல ரூம்ல படுக்க இடம் குடுத்து, கத்தி பிடிக்கக் கத்துக்குடுத்தேன். நாளைக்கு அவன் முன்னாடி வாயைத் திறந்தே, படுக்கையைச் சுருட்டி ஜன்னல் வழியா வீசிடுவேன். ராத்திரியும் உன் மேடம் வீட்டுலயே போய்ப் படி."

சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மேசை மேல் ஒரு கண்ணாடித் தகட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லத் தேய்ப்பது வேகமாயிற்று.

"யார் அனுப்பினா உன்னை?"

"யாரும் அனுப்பலை, அக்கா."

"புதுக் கட்டடம் ஒண்ணுக்கு மொத்த ஜன்னலும் நாங்க போடறோம். அது பிடிக்காத எவனோதான் உன்னை அனுப்பியிருக்கான். ஆளுக்குக் கை சரியில்லைன்னு ஊர்ல பரவினா யாருப்பா எங்களுக்கு வேலை குடுப்பா?"

"ஒரு டாக்டர்கிட்ட காட்டினீங்கன்னா…"

"காட்டினா என்ன சொல்லுவாங்க? ஏணி ஏறாதேம்பாங்க, எதையும் தூக்காதேம்பாங்க. நீ வந்து தூக்குவியா? ஏதோ வயசாகுது, நடை கொஞ்சம் அகலமா ஆயிடுச்சு, கால்ல செருப்பு நிக்க மாட்டேங்குது. பின்னாடி கழண்டு கிடக்கறது தெரியாமலே பத்தடி போயிடறாரு. அதெல்லாம் ஒரு வியாதியா?"

சொன்ன பிறகு அவரே தேய்ப்பதை நிறுத்தினார். ஒரு நொடிதான்.

"கிளம்பு. அவர் வர்றதுக்குள்ள போயிடு."

வெளியே வந்து, பெயர்ப்பலகையில் இருந்த எண்ணைப் போனில் பதிந்துகொண்டேன். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால், காலிலிருந்து உள்ளே வர வேண்டிய சேதியும் வரவில்லை என்று அர்த்தம். இது பாடத்தில் இருந்தது. நான் அதைக் கேட்டிருக்கவே கூடாது என்றும் தோன்றியது.

சனி

காத்திருக்கும் பெஞ்சில் இடமில்லை. என் நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர், பாதி முகம் நுரையோடு. கண்ணாடிக்காரர் வந்ததும் சித்தப்பா மற்றவர்களை உட்காரச் சொல்லிவிட்டு அவரைக் கூப்பிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

முடி எதுவும் வெட்டவில்லை. நேராகக் கழுத்துதான். துணியைப் போர்த்தி, ஒரு கை தாடைக்கு அடியில் போனது.

"அண்ணே, வேண்டாம்," என்றேன்.

சித்தப்பாவின் கை அப்படியே நின்றது.

"புதன்கிழமை நான் சொன்னது தப்புண்ணே. கால் அப்படி உதைக்கக்கூடாது. கழுத்துல தண்டுவடம் அழுந்தியிருக்கலாம்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. திருப்பினா கை கால் போயிடும்னு… போயிடலாம்னு… நீங்க முதல்ல டாக்டர்கிட்ட போங்கண்ணே."

"நேத்து என் கடைக்கு வந்து என் பொண்டாட்டி மனசைக் கலைச்சவன் நீதானா?" கண்ணாடிக்காரர் கண்ணாடி வழியாகவே என்னை முறைத்தார். "ராத்திரி பூரா அவ தூங்கலை. என்னையும் தூங்க விடலை. உன் வாய் என்னடா கடிகாரமா, நேரத்துக்கு ஒண்ணு அடிக்குது?"

"விடுய்யா, அவனுக்குப் படிப்பு தலைக்கேறிப்போச்சு," என்றார் சித்தப்பா. "அதையும் நான்தான் எடுத்துவிடணும்."

பெஞ்சில் சிரித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் சோதனையைச் சொன்னேன். கையை வேகமாக மூடித் திறங்கள், பத்து விநாடி, இருபது தடவை வந்தால் நான் இனிமேல் வாயே திறக்க மாட்டேன். என் நாற்காலியில் இருந்த டிரைவர் உடனே துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து மூடித் திறக்கத் தொடங்கிவிட்டார். பெஞ்சில் இருந்தவர்களும் ஆரம்பித்தார்கள். யாரோ சத்தமாக எண்ணினார். இருபத்து மூன்று என்றது ஒரு குரல், எனக்கு இருபத்தஞ்சு என்றது இன்னொன்று.

"ப்பூ, இதென்ன பெரிய வித்தை," என்று கண்ணாடிக்காரர் வலது கையை நீட்டினார்.

நான்கு தடவை சரியாக வந்தது. ஐந்தாவதில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் திறக்க மறந்துவிட்டன. அவர் கையை உதறி மறுபடி மூடினார். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சேற்றிலிருந்து காலை எடுப்பது போல வெளியே வந்தன. எண்ணிக்கொண்டிருந்தவர் எட்டோடு நிறுத்திக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் அவரைச் செய்யச் சொல்லியிருக்கக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சர்க்கஸ் காட்டவாடா இங்கே வந்தேன்?" துணியைப் பிடுங்கி எறிந்தார். "யோவ் மாஸ்டர், முதல்ல உன் கடைக்கு ஒரு பூட்டு வாங்கு. அப்புறம் இவன் வாய்க்கு ஒண்ணு வாங்கு. எனக்கு வேற கடை இல்லையா?"

தெருவைக் கடந்து எதிர் சலூனுக்குள் போய்விட்டார்.

"போச்சா?" என்றார் சித்தப்பா. "போயும் போயும் அவன் கடைக்கு அனுப்பி வச்சுட்டியே!"

எதிர்க்கடைக்காரர் மறுக்கவே மாட்டார். சித்தப்பாவின் வாடிக்கையாளர், அதிலும் கோபித்துக்கொண்டு வந்தவர். சத்தம் வருகிற வரை திருப்பிக் காட்டுவார். நான் கையில் நுரையோடு ஓடினேன். உள்ளே நுழையும்போதே அவருடைய இரண்டு கைகளும் கண்ணாடிக்காரரின் தலையில் இருந்தன.

டாக்டர், தண்டுவடம், சந்தேகம் என்று மறுபடி ஆரம்பித்தால் அவர் கேட்டு முடிப்பதற்குள் திருப்பிவிடுவார். அதனால் வேறொன்று சொன்னேன்.

"எங்க சித்தப்பா திருப்பித்தான் இவருக்குக் கை போச்சு. இப்போ நீங்க திருப்பினா பழி உங்க கைக்கு மாறிடும்!"

இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. விரல்கள் அதற்கு முன்னாலேயே தடிக்க ஆரம்பித்திருக்கலாம். கழுத்தில் எலும்பு பல வருஷமாக வளர்ந்துகொண்டிருந்திருக்கலாம். ஆனால் சொன்னேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தால், சித்தப்பா நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். கையில் சீப்பு. அவர் காதிலும் விழுந்திருந்தது.

எதிர்க்கடைக்காரர் சுட்டுக்கொண்டது போலக் கையை எடுத்தார். "எழுந்திரிங்க, எழுந்திரிங்க. அங்கே ஒடைஞ்சதை இங்கே கொண்டுவந்து ஒட்ட வைக்கறீங்களா? டேய், உங்க சித்தப்பன்தானே அனுப்பினான், என் தலையில கட்டறதுக்கு?"

கண்ணாடிக்காரர் எழுந்தார். என்னிடம் வருவதற்குள் தடுமாறி ஒரு அலமாரியைப் பிடித்தார். இரண்டு பாட்டில்கள் விழுந்து உருண்டன. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னை அடிக்கக் கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

விழுந்தது அடி இல்லை. விரல் மடங்காத, விரிந்த ஒரு கை என் தோள்மேல் பொத்தென்று வந்து கிடந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஓங்கிப் பார்த்தார். அதே மாதிரிதான் விழுந்தது.

"மடக்கறேன்டா," என்றார். "மடங்க மாட்டேங்குது."

அவர் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரிக்குப் போன் போடு," என்றார். அப்போதும் கோபமாகத்தான்.

அவர் மனைவி டாக்ஸியில் வந்து இறங்கினார். முதலில் எதிர்க்கடைக்காரரைத் திட்டினார், பிறகு தெருவைக் கடந்துபோய்ச் சித்தப்பாவைத் திட்டினார், கடைசியில் என்னிடம் வந்து, "நேத்து இன்னும் ரெண்டு வார்த்தை பலமாச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார். கழுத்தை ஆட்டாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். என்னை முறைத்துக்கொண்டே, கணவரின் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி பின்சீட்டில் உட்கார்ந்தார். வண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது.

திரும்பி வந்தபோது பஸ் டிரைவர் பாதி முகம் நுரையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சித்தப்பா என் கத்தியால் அவருக்கு மீதியை மழித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் விட்டுட்டு எவன்கிட்டடா போய்ச் சொன்னே?" என்றார், நிமிராமல். "அவன்கிட்ட."

"வேற வழி தெரியலை, சித்தப்பா."

"தெரியாது. உனக்கு எதுதான் தெரியும்?"

படுக்கையை ஜன்னல் வழியாக வீசவில்லை. சித்தி அதைச் சுருட்டி, கயிறு கட்டி, என் துணிப்பையோடு படியில் வைத்திருந்தார்.

அடுத்த வியாழன்

கூடப் படிக்கும் ஒருவனின் அறையில் இருக்கிறேன். சமையலறைக்கும் கதவுக்கும் நடுவில் எனக்கு இடம். நான் குறட்டை விடுகிறேனாம். ஒரு வாரம்தான் என்று சொல்லிவிட்டான். வேலைக்கு இரண்டு சலூன்களில் கேட்டேன். சித்தப்பா கடையை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்டார்கள், சொன்னேன், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

மேடத்திடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். எதிர்க்கடையில் சொன்ன பொய்யையும், அதாவது பொய்யாக இருக்கலாம் என்பதையும்.

"அது பொய்யா உண்மையான்னு ஸ்கேன்கூடச் சொல்லாது," என்றார். "சுத்தியலைத் திருப்பிக் குடு. பாடம் முடியற வரைக்கும் உன் கையில அது இருக்க வேண்டாம்." கொடுத்துவிட்டேன்.

இன்று மாலை வகுப்புக்கு வரும் வழியில் பழைய தெருவழியாக வந்தேன். சித்தப்பா ஒருவரின் தாடைக்கு அடியில் கையை வைத்துச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருவர்தான். என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே திருப்பினார். டக் என்ற சத்தம் தெருவுக்குக் கேட்டது.

கண்ணாடிக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை கழுத்தில் ஆபரேஷன் என்று அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை போனை எடுத்துச் சொன்னார். தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்ததாம். போனது திரும்ப வருமா என்று டாக்டர் சொல்லவில்லையாம், இருக்கிறது போகாமல் பார்க்கலாம் என்றுதான் சொன்னாராம். கட்டட வேலை கைவிட்டுப் போய்விட்டது என்றும் சொன்னார். அதை நான்தான் செய்தேன் என்கிற மாதிரி சொன்னார். அதன் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

இன்று வகுப்பு முடிந்து படியில் உட்கார்ந்து மறுபடி முயன்றேன். எடுத்தார்.

"எதுக்கு இப்படிப் போன் பண்ணி உயிரை எடுக்கறே?"

"எப்படி இருக்காருன்னு, அக்கா…"

"எப்படி இருப்பாரு? கண்ணு முழிச்சதுலேருந்து ஒரே திட்டு. நர்ஸைத் திட்டறாரு, பக்கத்துக் கட்டில்காரரைத் திட்டறாரு, உங்க சித்தப்பனைத் திட்டறாரு. உன்னைத் திட்டறதைக் காது குடுத்துக் கேட்க முடியலை. படுத்துக்கிட்டே கையை ஆட்டி ஆட்டி…"

"எந்தக் கையை, அக்கா?"

"என்ன?"

"எந்தக் கையை ஆட்டறாரு?"

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டு கையையும்தான்," என்றார் மெதுவாக. உடனே குரல் தூக்கிக்கொண்டது. "ஐயோ, விடுங்க, டாக்டர் அசையக் கூடாதுன்னாரு. போனை விடுங்கன்னு சொல்றேன்ல…"

ஏதோ உரசியது. யாரோ மூச்சு வாங்கினார்.

"டேய்," என்றார் கண்ணாடிக்காரர்.

அதற்கப்புறம் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. முடிக்கும் வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டேன்.